மயிலுக்குத் தேமல்

ஜெயராமன் மாமா போன் செய்தால் முதலில் மயிலைத்தான் விசாரிப்பார்.

"இன்னாக்கா, கழுத்து வந்துச்சா?"

"கொண்டை முடிஞ்சிடுச்சிடா. கழுத்து வந்துகினு கீது," என்பாள் அம்மா.

"தோகை?"

"தோகைல இன்னும் கைய வைக்கல."

"இப்பிடியே போனா அந்த மயிலு முட்டையே போட்டுடும்க்கா," என்று சொல்லி மாமா போனை வைத்துவிடுவார்.

மாமாவுக்குப் பறவைகள் மீது தனிப்பட்ட பாசம் எதுவும் கிடையாது. வேலப்பன்சாவடியில், இரண்டு கல்லூரிகளின் பஸ்கள் வந்து நிற்கும் இடத்துக்கு எதிரே அவருக்கு ஒரு கடை இருக்கிறது. ஜெராக்ஸ், ரீசார்ஜ், பேனா, ஹேர்பேண்ட், லெமன் ஜூஸ் எல்லாம் ஒரே கவுன்டரில். அங்கே வேலை பார்த்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். அந்த இடத்துக்கு என்னைக் கேட்டார் மாமா. அப்பாவும் சரி என்றுவிட்டார். "தீபிகா ஊட்ல சும்மாதான கீறா" என்பது இருவருடைய கணக்கு.

நான் பதினொன்றாம் வகுப்பின் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள். படிப்பு வராமல் இல்லை. பேர் கூப்பிடும்போது "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லத்தான் வராது. வாயைத் திறப்பேன், காற்று வரும். வகுப்பில் உட்கார்ந்துகொண்டே ஆப்சென்ட் வாங்கிய பெண் ஆவடியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அப்படிப்பட்டவளை ஒரு கவுன்டருக்குப் பின்னால் நிறுத்தி, எதிரே இரண்டு காலேஜையும் அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்று மாமாவுக்குத் தெரியாமல் இல்லை. ஒரு சனிக்கிழமை என்னைச் சோதனைக்குக் கூட்டிப் போனார். ஒருவன் வந்து ரீசார்ஜுக்கு நம்பரைக் கடகடவென்று சொன்னான். திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்க வெட்கமாக இருந்தது. காதில் விழுந்த வரை போட்டேன், விழாத எண்களை நானே யோசித்துப் போட்டேன். முன்பின் தெரியாத யாரோ ஒருவருக்கு ஒரு மாதம் இலவசமாகப் பேசக் கிடைத்தது. மாமா அதற்கும் சிரித்துவிட்டு, "போகப் போகப் பழகிக்கும்க்கா" என்றார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதுதான் அவர் என்னை விடப்போவதில்லை என்று தெரிந்தது.

என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது மயில். சரியாகச் சொன்னால் இரண்டு மயில்கள்.

எங்கள் ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் மகளிர் மன்றத்துக்கென்று ஒரு ஹால் உண்டு. ஃபேக்டரிக்காரர்களின் வீட்டுப் பெண்கள் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு அங்கே வருவார்கள். பிள்ளைகளின் பள்ளி வேன் வரும்வரை அரட்டை ஓடும். அங்கே, கட்டம் கட்டமாகப் பெருக்கல் குறி போட்டுப் படம் தைக்கிற கிராஸ் ஸ்டிச் வகுப்பு ஒன்று தொடங்கலாம் என்று மன்றச் செயலாளர் வேம்புலியம்மா சொன்ன அன்றே சண்டையும் தொடங்கிவிட்டது. சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்கள் இருவர். இருவருக்கும் வழி வேறு வேறு.

ஷோபனா அக்கா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். ஒரு கட்டத்தில் சாய்வாக ஒரு கோடு, உடனே அதன்மேல் எதிர்ச்சாய்வாக இன்னொரு கோடு. ஒரு பெருக்கல் குறி முழுசாக முடிந்த பிறகுதான் அடுத்த கட்டத்துக்குப் போவார். சரசா அக்கா அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவர். வரிசை முழுவதும் பாதித் தையலாக, சாரல் அடிப்பது போல ஒரே பக்கமாய்ச் சாய்த்துக்கொண்டே போவார். வரிசை முடிந்ததும், திரும்பி வருகிற வழியில் ஒவ்வொன்றாகக் குறுக்கே மூடிக்கொண்டு வருவார்.

"இன்னாத்துக்கு ஷோபனா நின்னு நின்னு போற, ஸ்டாப்பிங்குக்கு ஸ்டாப்பிங் நிக்கற பஸ்ஸு மாரி? ஒரே மூச்சுல போய்ட்டு ஒரே மூச்சுல வா."

"ஆமாக்கா. உங்க பஸ்ஸு ஐயப்பன்தாங்கல் டிப்போ வரைக்கும் போயிட்டு, அய்யய்யோ ஒரு ஆள விட்டுட்டோமேன்னு திரும்பி வரும். நான் ஏத்துன ஆள எறக்கிட்டுத்தான் நகருவேன்."

"எனக்கு நூலு கம்மி. பின்பக்கம் திருப்பிப் பாரு, கம்பி கட்டுனாப்ல நிக்கும்."

"பின்பக்கத்தையா செவத்துல மாட்டப் போறீக?"

வேம்புலியம்மாவின் கணவர் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் ஃபேக்டரியில் போட்ட சத்தத்தில் பாதியை வேம்புலியம்மா வீட்டுக்கு வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். "கம்முனு இருங்கடி ரெண்டு பேரும்" என்று ஒரு அதட்டல். பிறகு தீர்ப்பு. ஒரே துணியிலிருந்து வெட்டிய இரண்டு துண்டு. ஒரே வரைபடம், ஒரு மயில். நூலும் ஒரே நிறம். யார் மயில் முதலில், சுத்தமாக முடிகிறதோ அது ஹாலின் முன்சுவரில் தொங்கும், அவர் முறையில்தான் வகுப்பு நடக்கும். தோற்ற மயில் மோட்டார் ரூம் கதவுக்கு மேலே.

இரண்டு பேருக்கும் முகம் சிவந்துபோனது. மோட்டார் ரூம் என்றால் தண்ணீர் விடும் ஜம்புலிங்கம் அண்ணன் லுங்கி காயப்போடும் இடம்.

நூல் பிரித்து, ஊசி கோத்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. மயில் முடிகிற வரைக்கும் தீபிகாவை அனுப்புகிறேன் என்று அம்மா வாக்குக் கொடுத்தாள். மாமா கேட்டபோது, "பாதில கூட்டிக்கினு போனா அவளுங்க ரெண்டு பேரும் என் மூஞ்சில முழிக்க மாட்டாளுங்கடா, மயிலு முடியட்டும்" என்றாள். ஆகவே மயில் முடிந்தால் நான் கவுன்டரில் நிற்பேன். முடியாதவரை ஊசி கோப்பேன்.

ஹால் சாவியை வேம்புலியம்மா என்னிடமே கொடுத்தார். முன்னதாகவே போய்த் திறந்து, பெருக்கி, அலமாரியிலிருந்து மயில்களை எடுத்து வைப்பது என் வேலை. பேசாத பெண் கள்ளத்தனமும் செய்யமாட்டாள் என்று பெரியவர்களுக்கு ஒரு நினைப்பு இருக்கிறது. அது ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஆரம்பத்தில் சரசா அக்கா பறந்தார். துணியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, ஊசியை உள்ளே விட்டு அதே வீச்சில் வெளியே எடுப்பார். ஷோபனா அக்கா துணியை மரவளையத்தில் இறுக்கி மாட்டி, மேலிருந்து ஒரு குத்து, கீழிருந்து ஒரு குத்து என்று போவார். சரசா அக்காவின் மயில் கொண்டையை முடித்துக் கழுத்தில் இறங்கியபோது, ஷோபனா அக்காவின் மயிலுக்கு அலகுகூட மூடவில்லை.

"போதும்மா. சரசாக்காவே செயிச்சிட்டுப் போட்டும். எனக்கு வீட்டுல ஆயிரம் வேல கெடக்கு," என்று ஒரு நாள் வளையத்தைக் கீழே வைத்துவிட்டார் ஷோபனா அக்கா.

எனக்குக் கண்முன்னால் ஜெராக்ஸ் மெஷினின் பச்சை வெளிச்சம் ஓடியது.

வாயால் எதுவும் சொல்ல என்னால் முடியாது. அந்த வளையத்தை எடுத்தேன். அதைப் பார்த்தேன். அப்புறம் வளையம் இல்லாத சரசா அக்காவின் கையைப் பார்த்தேன். பெருமூச்சு ஒன்று விட்டு, மறுபடி வளையத்தைப் பார்த்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

"ஆமா!" என்று எழுந்துவிட்டார் ஷோபனா அக்கா. "வேம்புலியம்மா, இத நீங்க பாக்கலியா? அவுக வளையம் இல்லாம தைக்காக. துணி எப்பிடி கோணிட்டுப் போகுதுன்னு பாருங்க. நானும் கையில வச்சுத் தச்சா இந்நேரம் தோகைய விரிச்சிருப்பேன்லா?"

"யாரு உன்னிய வேணான்னது?" என்றார் சரசா அக்கா.

"சுத்தமாவும் இருக்கணும்னு விதி இருக்குல்லா?"

வேம்புலியம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். உண்மையாகவே சரசா அக்காவின் மயில் கொஞ்சம் கழுத்து சுளுக்கிக்கொண்ட மாதிரிதான் இருந்தது. கையில் பிடித்து ஒரே வீச்சில் தைத்தால் வேகம் வரும். ஆனால் இழுப்பு சமமாக விழாது, துணி ஒரு பக்கம் சுருங்கும். இருவரும் வளையத்தில்தான் தைக்க வேண்டும் என்று புதுச் சட்டம் வந்தது. சரசா அக்காவுக்கு வளையம் புதுசு. இரண்டு கையாலும் குத்தப் பழகுவதற்குள் அவர் விரலைக் குத்திக்கொண்டதுதான் அதிகம்.

அன்று எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. ஒருத்தி ரொம்ப முந்தினாலும் ஆபத்து, ஒருத்தி ரொம்பப் பிந்தினாலும் ஆபத்து. இரண்டு மயிலும் அக்கா தங்கை போலக் கைகோத்துக்கொண்டு மெதுவாக நடக்க வேண்டும்.

நூல் என் கையில்தானே இருந்தது. விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, அதுதான் நூலுக்குச் சரியான நீளம். அதற்கு மேல் போனால் துணிக்குள் போய்ப் போய் வந்து பஞ்சு கிளம்பும், முறுக்கிக்கொண்டு முடிச்சு விழும். முந்துகிறவருக்குத் தோள்வரை நீளமாக நறுக்கிக் கொடுத்தேன்.

"இந்தப் பொண்ணுக்கு எம்மேல பாசம்டி," என்று சரசா அக்கா பூரித்தார். "அடிக்கடி கோக்க வேணாம்னு எம்மாந்நீளம் குடுக்குது பாரு." அடுத்த நிமிடமே, "இன்னாடா இது, நூலா, நூடுல்ஸா!"

பிந்துகிறவருக்கு வேறு வைத்தியம். ஒற்றை இழையை இரண்டாக மடித்து, இரு முனையையும் ஊசிக்காதில் கோத்துவிடுவேன். மடிப்பு விழும் இடத்தில் ஒரு கண்ணி நிற்கும். முதல் தையலில் ஊசியை அந்தக் கண்ணிக்குள் விட்டு இழுத்தால் போதும். முடிச்சும் வேண்டாம், நூலின் வாலைப் பின்னால் ஒளித்துவைக்கும் வேலையும் வேண்டாம். ஷோபனா அக்கா இதைக் கவனித்தாரா என்று தெரியாது. "இன்னைக்கு கை நல்லா ஓடுதுட்டி" என்று மட்டும் சொல்லிக்கொண்டார்.

இந்த வைத்தியம் போதாத நாட்களும் இருந்தன. அப்போது நானே தைத்தேன்.

மதியம் யாரும் வராத நேரத்தில் ஹாலைத் திறப்பேன். மேற்குப் பக்க ஜன்னலுக்கு அட்டை அடித்திருந்ததால் டியூப்லைட்டைப் போட்டுக்கொள்வேன். வாலிபால் ஆடுகிறவர்கள் அந்தக் கண்ணாடியை உடைத்து ரொம்ப நாளாகிறது. ஷோபனா அக்காவின் மயிலை மடியில் வைத்து, கழுத்தில் கொஞ்சம் நீலம் போடுவேன். அவர் முறையிலேயே, ஒவ்வொன்றாக. நான் இடது கைக்காரி. தையல் கற்றுக்கொண்டது ஷோபனா அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து, கண்ணாடியில் பார்க்கிற மாதிரிப் பார்த்துத்தான். கேள்வி எதுவும் கேட்கவில்லை. அவரும் எனக்குத் தையல் தெரியும் என்று நினைக்கவில்லை.

"நேத்து இம்புட்டா தச்சேன்!" என்று அவர் வந்து மயிலைப் பார்த்து வியப்பார். தன் உழைப்பைக் குறைத்துச் சொல்கிறவர்கள் உலகத்தில் குறைவு. "பாத்தீகளாக்கா, நின்னு நின்னு போற பஸ்ஸு!"

அவர் முந்திய கொஞ்ச நாளிலேயே சரசா அக்காவுக்கு ஒரு பெரிய அடி விழுந்தது. தோகையின் அகலமான வரிசை. போகும்போது ஒரு கட்டத்தைத் தாண்டிக் குத்திவிட்டார். அது திரும்பி வந்து முடிக்கிற நேரத்தில்தான் தெரிந்தது. ஷோபனா அக்காவுக்கு இப்படித் தப்பினால் இரண்டு மூன்று பெருக்கலைப் பிரித்தால் சரியாகிவிடும். சரசா அக்காவுக்கு வரிசை மொத்தமும் போயிற்று.

"டிப்போ வரைக்கும் போயிட்டு வந்திட்டீகளாக்கா?" என்று ஷோபனா அக்கா இனிமையாகக் கேட்டார்.

சரசா அக்கா துணியைச் சுருட்டி அலமாரியில் திணித்துவிட்டு, "நாளிக்கு நான் வர்லமா. மாங்காட்டு அம்மனுக்கு வேண்டிக்கினது ஒண்ணு கீது," என்று போய்விட்டார். அம்மனை இழுத்தார் என்றால் முடிவே செய்துவிட்டார் என்று அர்த்தம்.

மறுநாள் மதியம் அந்த வரிசையைப் பிரித்து, அவர் முறையிலேயே நான் போட்டேன். போகும்போது சாரல், வரும்போது மூடல். கை பழகினதும் எனக்கே மூச்சு முட்டும் வேகம் வந்தது. நடுவில் ஊசியைத் தொங்கவிட்டு முறுக்கை அவிழ்த்துக்கொண்டேன். ஒரு வரிசையோடு நிறுத்தத்தான் நினைத்தேன். பச்சை நிறம் பார்க்க அழகாக இருந்ததால் இரண்டு இறகு ஆகிவிட்டது.

கோவிலுக்குப் போய்விட்டு, சும்மா எட்டிப் பார்க்க வந்த சரசா அக்கா, மயிலை விரித்துப் பார்த்துவிட்டு நெற்றிக் குங்குமத்தைத் தொட்டுக்கொண்டார். "நேத்து நான்தான் தப்பா எண்ணிக்கினேன் போல. இது சரியாத்தான் கீது. பிரிச்சேனா, பிரிக்கலியா, எனக்கே தெரியலமா. ரெண்டு எறகு வேற கூட கீது, எல்லாம் அம்மன் செயல்."

அம்மனுக்கு அன்று நான் செய்த உதவி கொஞ்சநஞ்சமல்ல.

இப்படியே நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் மயில் என்றால் எங்கேயாவது முடியத்தானே வேண்டும். எவ்வளவு இழுத்தாலும் தோகைக்கு ஒரு ஓரம் உண்டு. கடைசியில் இருவருக்கும் ஒரே ஒரு இறகுக்கண் பாக்கி. "இன்னைக்கி முடிஞ்சிடும்டா" என்று அம்மா மாமாவுக்குச் சொல்லிவிட்டாள்.

மாமா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கையில் ஒரு கவர். அதற்குள் மஞ்சள் நிற டி-ஷர்ட். முதுகில் கடையின் பெயரும் போன் நம்பரும் அச்சடித்திருந்தார். என் அளவுக்கு. அதைப் பிரித்துக் காட்டிவிட்டு, ஹால் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, மயிலைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். அம்மா அவர் பக்கத்தில் நின்றாள். பத்துப் பதினைந்து பெண்கள் சுற்றி நின்றார்கள்.

இரண்டு ஊசியும் ஒரே நேரத்தில் ஓடின. நான் இருவருக்கும் நூல் கோத்துக் கொடுத்தேன்.

அப்போது கரண்ட் போனது.

"ஐயோ!" என்று எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். நான் மட்டும் உள்ளுக்குள், கரண்ட் ஆபீஸ்காரர்கள் நன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்தினேன். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன்.

"அந்த அட்டைய எடுங்கடி," என்றார் வேம்புலியம்மா. இரண்டு பேர் சேர்ந்து மேற்கு ஜன்னல் அட்டையைப் பிடுங்கினார்கள். சாயங்கால வெயில் படுத்தவாக்கில் உள்ளே வந்து, நேராக மேசைமேல் விழுந்தது.

வேம்புலியம்மா குனிந்தார். நிமிர்ந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் குனிந்தார்.

"இன்னாம்மா இது? மயிலுக்குத் தேமல் வந்துகீது?"

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஷோபனா அக்காவின் மயிலுக்குக் கழுத்தில் திட்டுத்திட்டாக வெளிறிப்போயிருந்தது. சரசா அக்காவின் மயிலுக்குத் தோகையில் இரண்டு இறகு மட்டும் தனியாகப் பளபளத்தது. ஒரே நூல்தான், ஒரே நிறம்தான். டியூப்லைட்டில் இத்தனை நாள் யாருக்கும் தெரியவில்லை.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இந்த நூலில் ஒரு மினுமினுப்பு உண்டு. பெருக்கல் குறியில் மேலே கிடக்கிற கோடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ, அதைப் பொறுத்து வெளிச்சத்தை வாங்கும். அவர்கள் இருவருக்கும் மேல்கோடு வலப்பக்கம் சாயும். கண்ணாடியில் பார்த்துக் கற்றுக்கொண்ட இடது கைக்காரிக்கு எந்தப் பக்கம் சாயும்? நிறத்தைப் பார்த்தேன், கட்டத்தை எண்ணினேன், இழுப்பைக்கூட அவரவர் மாதிரி வைத்தேன். சாய்வை நினைக்கவே இல்லை.

"நீதான் வந்து எம்மயில்ல கைய வச்சியா?" என்று சரசா அக்கா ஷோபனா அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"நானா? எம்மயிலு கழுத்தப் பாருங்கக்கா, சொறி புடிச்ச கணக்கா ஆக்கி வச்சிருக்கீக!"

"உன் மயிலத் தொட எனக்கு வேற பொழப்பு இல்லியா?"

"நிறுத்துங்கடி!" வேம்புலியம்மா மேசையைத் தட்டினார். "ரெண்டு மயிலுக்கும் ஒரே தேமல். அப்ப கை ஒண்ணு. வேற ஒருத்தியோட கை. இங்க நிக்கற ஒவ்வொருத்தியும் இந்தத் துண்டுத் துணில ஒரே ஒரு பெருக்கல் போடுங்க. யாருக்குச் சாயுதுன்னு பாத்துடலாம்."

ஃபோர்மேன் வீட்டில் குடித்தனம் செய்தவர் அல்லவா. ஒவ்வொருத்தியாக வந்து போட்டுவிட்டுப் போனார்கள். எல்லாம் வலம். ஒருத்தி போட்டதைப் பெருக்கல் என்றே சொல்ல முடியவில்லை, அவளை விட்டுவிட்டார்கள். கடைசியில் மீதி நின்றது நானும் அம்மாவும்.

"தீபி, நீயும் போடு," என்றார் வேம்புலியம்மா.

ஊசியை வாங்கினேன். வலது கையால் பிடித்தேன். வாழ்க்கையில் வலது கையால் நான் செய்கிற ஒரே வேலை சாப்பிடுவது. துணியைக் குத்துவதற்குப் பதிலாக மேசையைக் குத்தினேன். அப்புறம் விரலை. மூன்றாவதாகத் துணிக்கு வழி கண்டுபிடித்து, ஒரு கோடு போட்டு, இரண்டாவது கோட்டை எங்கோ கொண்டுபோனேன்.

"ஏட்டி," என்றார் ஷோபனா அக்கா மெதுவாக. "நீ என்னைக்கு வலது கையால ஊசி புடிச்ச?"

ஊசியை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன். ஒரு பெருக்கல். வெயிலில் அது எல்லோரையும் பார்த்துக் கண்ணடித்தது.

"அடிப்பாவி," என்றார் வேம்புலியம்மா. "இன்னாத்துக்குடி?"

வாயைத் திறந்தேன். வழக்கம்போல் காற்று வந்தது. மாமா மடியில் அந்த மஞ்சள் டி-ஷர்ட் இருந்தது. இன்னொரு முறை திறந்தேன்.

"மயில் முடிஞ்சா கடைக்குப் போகணும்," என்றேன். "கவுன்டர்ல நின்னு எல்லார்கிட்டயும் பேசணும். என்னால முடியாது மாமா."

ஒரே மூச்சில் இத்தனை சொற்கள் என் வாயிலிருந்து வந்ததில்லை. அம்மா திரும்பி என்னையே பார்த்தாள்.

"இன்னாது?" மாமா எழுந்துவிட்டார். "என் கடை இன்னா புலிக்கூண்டா? ஏசி போட்டு வச்சிகீறேன்!"

"நீ உக்காருப்பா," என்றார் சரசா அக்கா. அவருக்கு வேறு ஒரு கவலை. "அது கெடக்கட்டும். ஏண்டி, அவளுக்குக் கழுத்து பூரா தச்சிகீற, எனக்கு மட்டும் ரெண்டே ரெண்டு எறகா? நான் இன்னா பாவம் பண்ணேன்?"

"எனக்குத்தான கஷ்டம் ஜாஸ்தி," என்றார் ஷோபனா அக்கா.

"கஷ்டமா? ஒரு வரிசையே போச்சே எனக்கு!"

"இருங்கடி," வேம்புலியம்மா என் பக்கம் திரும்பினார். "ரெண்டு மாரியும் தச்சவ நீ ஒருத்திதான். நீயே சொல்லு. எது வேகம்?"

இரண்டு அக்காக்களும் என்னைப் பார்த்தார்கள். ஒரு முன்சுவர், ஒரு வகுப்பு, ஒரு மோட்டார் ரூம், மூன்றும் என் நாக்கில் வந்து நின்றன.

"தெரியாது."

"தெரியாதா?"

"ரெண்டு பேர் ஊசியும் வேற வேற நம்பர்."

சரசா அக்கா தன் ஊசியைத் தூக்கிப் பார்த்தார். ஷோபனா அக்கா தன்னுடையதை அதன் பக்கத்தில் வைத்தார். வெயிலில் நன்றாகவே தெரிந்தது. ஒன்று இருபத்து நான்கு, கொஞ்சம் தடிப்பு, துணியில் சிக்கிச் சிக்கிப் போகும். இன்னொன்று இருபத்தாறு, வழுக்கிக்கொண்டு போகும். துணி, நூல், படம் எல்லாவற்றுக்கும் சட்டம் போட்டவர்கள், ஊசியை மட்டும் அவரவர் வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்தார்கள்.

"இது உனக்கு எப்பலேந்து தெரியும்?" வேம்புலியம்மாவின் குரல் இறங்கியிருந்தது. அது சத்தத்தைவிடப் பயமாக இருந்தது.

"மொதல் நாளே. கோக்கும்போதே."

"ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கல."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. அம்மாவாக இருக்கலாம். அப்புறம் ஹாலே சிரித்தது. சரசா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே என் தலையில் ஒரு குட்டு வைத்தார், ஷோபனா அக்கா குட்டின இடத்திலேயே இன்னொன்று வைத்தார். போட்டி தொடங்கிய நாளிலிருந்து அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான்.

வேம்புலியம்மா சிரிக்கவில்லை. தீர்ப்புச் சொல்லுகிறவர் சிரிக்கக் கூடாது. "ரெண்டு மயிலும் மோட்டார் ரூமுக்கு," என்றார். "புதுத் துணி. ஒரே நம்பர் ஊசி. மொதல்லேந்து."

"மறுபடியுமா?" மாமாவின் குரல் உடைந்தது. "இன்னொரு மயிலா? எவ்ளோ நாள் ஆவும்மா?"

"மயில் வேணாம்," என்றார் வேம்புலியம்மா. "தீபி, அந்தப் படக்கட்ட எடு. நல்லதா ஒண்ணு பாத்துச் சொல்லு."

அலமாரியிலிருந்து கட்டை எடுத்துப் புரட்டினேன். கிளி இருந்தது. வாத்து இருந்தது. கடைசியில் இருந்ததை எடுத்து மேசையில் விரித்தேன். மேசைக்கு வெளியே தொங்கியது.

"யானை," என்றேன்.

மாமா அந்த யானையைத் தும்பிக்கையிலிருந்து வால்வரை பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் அத்தனை பெரிய உடம்பை ஒருவர் தைத்து முடிப்பதற்குள் தனக்கு என்ன வயதாகும் என்று யோசித்தாரோ என்னவோ. டி-ஷர்ட்டை மடித்துக் கவருக்குள் வைத்தார்.

"வேணாங்க்கா," என்றார் அம்மாவிடம். "உம் பொண்ண ஊமைன்னு நெனச்சிகினு கீறேன் நான். வாயே தொறக்காம ரெண்டு பொம்பளைங்கள இத்தினி நாளு ஓட உட்டுகீது. இத என் கவுன்டர்ல உக்காரவச்சா ரெண்டு காலேஜும் அடிச்சிக்கினு சாவும். நான் வேற ஆளு பாத்துக்கறேன்."

வேறு ஆள் என்று அவர் பார்த்தது அத்தையைத்தான். அந்த மஞ்சள் டி-ஷர்ட் அத்தைக்குப் பற்றவில்லை என்று கேள்வி. ஆனால் ஜூஸ் வாங்க வருகிறவனிடம் ரீசார்ஜும் செய்யவைத்து, ஒரு ஹேர்பேண்டையும் தலையில் கட்டிவிடுகிறாளாம். மாமா இப்போது போன் செய்தால் அத்தையைப் பற்றித்தான் பேசுகிறார். யானையைப் பற்றிக் கேட்பதில்லை.

மோட்டார் ரூமில் இரண்டு மயிலும் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன. ஜம்புலிங்கம் அண்ணன் அவற்றுக்குக் கீழே லுங்கி காயப்போடுவதை நிறுத்திவிட்டார். சாயங்காலத்தில் தேமல் பார்க்கச் சின்னப் பிள்ளைகள் வருகிறார்கள்.

ஹாலில் ஷோபனா அக்காவின் யானைக்கு வால் மட்டும் வந்திருக்கிறது. ஒரே நம்பர் ஊசி, முழங்கை வரை நூல், இருவருக்கும் கண்ணி போட்டுக் கோத்துக் கொடுக்கிறேன். அட்டையை ஜன்னலில் திரும்ப அடிக்கவில்லை, வேம்புலியம்மா விடவில்லை. சரசா அக்கா ஒரு கால் முந்தியிருக்கிறார். ஷோபனா அக்கா நேற்று, "போதும்மா, எனக்கு வீட்டுல வேல கெடக்கு" என்று ஒரு முறை சொன்னார்.

யானை எப்போது முடிந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. கடைக்குப் போகும் பயம் போய்விட்டது. இருந்தாலும் வீட்டில் ஒரு துண்டுத் துணியை வைத்துக்கொண்டு, இடது கையாலேயே மேல்கோட்டை வலப்பக்கம் சாய்க்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். வெயிலில் பிடித்துப் பார்த்தால் கொஞ்சம்கூடத் தெரியவில்லை.